உணர்வு கடவுளுக்குச் சான்றாகுமா?

மண்ணும் நீரும் தாமே கூடி, 'நான் அறிகிறேன்' என்னும் உணர்வைப் பெற்றிருக்க முடியாது. ஆகவே, அதனைத் தந்த இறைவன் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்று வாதிடுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். நம் நாட்டில் இது நெடுங்காலம் நடந்த வழக்கு. அதில் யார் எப்பக்கம் நின்றனர் என்று பார்க்கப் புகுந்தால் வியப்பு மிகும்.

மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரை வினவியபோது, பூதவாதி என்பான் ஒரு விடை கூறுகிறான். சில பூக்களும் வெல்லக்கட்டியும் கூடிய இடத்தில் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு பிறக்கும் என்பது அவன் கொள்கை. சார்வாகர் இதற்கு வெற்றிலைச் சிவப்பை உவமை காட்டினர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு ஆகிய மூன்றில் எதற்கும் இல்லாத நிறம் சேர்க்கையில் தோன்றுகிறதன்றோ? எளிதில் தள்ளக்கூடிய உவமையன்று இது. உணர்வு உடலின் குணமாயின், உடல் கிடக்கவும் பிணத்தில் அது இல்லாது போனதேன் என்று எதிர்ப்பக்கத்தார் கேட்டனர்.

சரி, உணர்வு சடத்தின் குணமன்று என்றே கொள்வோம். அதனால் கடவுள் உண்டென்று ஆகிவிடுமா? ஆகாது என்றனர் சாங்கியர். புருஷர் பலர், ஒவ்வொருவரும் தூய அறிவே, ஆயினும் உலகம் இயங்க ஈசுவரன் வேண்டியதில்லை. அறிவற்ற பால் கன்றின் பொருட்டுச் சுரப்பதுபோல, அறிவற்ற பிரகிருதியும் புருஷன் பொருட்டு இயங்கும் என்கிறது சாங்கிய காரிகை. உரைகாரர் இதனைக் கொண்டு ஈசுவரனை மறுத்தனர். நூலாசிரியர் பெயரோ ஈசுவரகிருஷ்ணர்! 6-ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் இந்நூலைச் சீன மொழியில் பெயர்த்தார் என்பது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மனோர்க்கு ஒரு பெருமை.

சங்கரர் இவ்வுவமையை விடவில்லை. பசு அறிவுடையது; கன்றின்மேல் உள்ள அன்பினால் சுரக்கிறது; கன்றும் வாய் வைத்து உறிஞ்சுகிறது; அறிவின்றி நடந்தது இதில் எங்கே என்றார்.

மிதிலையில் வாழ்ந்த உதயனர் 'நியாய குசுமாஞ்சலி' என்னும் நூலைக் கடவுள் உண்மையை நிறுவுவதற்கென்றே இயற்றினார். தச்சனின்றிக் கோடரி வெட்டாது. அவ்வாறே அறிவற்ற அணுக்களும் வினைப்பயனும் அறிவுடையோன் ஒருவனின்றி இயங்கா என்பது நியாய நூலார் வாதம். இங்கு அவர்கள் சான்றாக்குவது மனிதனின் உணர்வை அன்று, சடப்பொருளின் உணர்வின்மையையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தகைய அனுமானத்தை ஏற்க மறுத்தவர்களுள் இராமாநுசர் ஒருவர் என்றால் பலர் நம்பமாட்டார்கள். உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடலுடையவர்கள். ஆகவே பிரம்மத்தைச் சாத்திரத்தாலன்றி அனுமானத்தால் அறிய இயலாது என்று ஸ்ரீபாஷ்யத்தில் அவர் வாதிடுகிறார். பக்திக்கு வழிகாட்டிய பேராசிரியர், பகுத்தறிவு தரும் சான்று போதாதென்று அஞ்சாது சொல்லியிருக்கிறார்.

13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் மற்றொரு வழியில் செல்கிறார். கண் தானே காண்பதில்லை. உயிர் காட்டக் காண்கிறது. உயிரும் தானே அறிவதில்லை. இறைவன் அறிவிக்க அறிகிறது. மனித உணர்வின் பெருமையிலிருந்தன்று, அதன் குறையிலிருந்தே அவர் இறைவனை நோக்கிச் செல்கிறார். நமக்கு இவ்வழியே ஆழமானதாகப் படுகிறது. ஆனால் சாங்கியர் இதன் முதற்படியிலேயே நின்றுவிடுவர். அவர்களுக்குப் புருஷன் பிறர் அறிவிக்க வேண்டாது தானே விளங்குபவன்.