ஈரல் கட்டியும் தோட்டத்து மண்ணும்

மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்ட லயங்களில் ஒரு காலத்தில் குளிர்காய்ச்சலோடு ஒருவர் படுத்தால் முதலில் மலேரியாதான் நினைவுக்கு வரும். காய்ச்சல் கொயினா மருந்துக்கும் அடங்காமல், வலது விலாவுக்குக் கீழே வலி தொடர்ந்தால், ஈரலில் சீழ் கட்டியிருக்குமோ என்ற ஐயம் எழும். புற்றுநோய் என்ற எண்ணம் கடைசியில்தான். கிணற்று நீரும் ஆற்று நீரும் சீதபேதியுமாக இருந்த வாழ்க்கைக்கு அந்த வரிசை பொருத்தமானதே. இன்று வரிசை தலைகீழாகிவிட்டது. இனிப்புநீர் உள்ள, உடல் மெலிந்த, பழைய பால்மரத் தொழிலாளி ஒருவரின் ஸ்கேனில் கட்டி தெரிந்தால், மருத்துவர் வாய் திறக்கும் முன்பே குடும்பம் புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடுகிறது. தோட்டத்து நோய்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்த அவசரத்துக்கு ஆதாரம் போதாது.

பழைய வரிசைக்குப் பின்னால் ஓர் அறிவியல் இருந்தது. 1880களில் அலெக்சாந்திரியாவில் கார்ட்டூலிஸ் ஈரல் சீழில் அமீபாவைக் கண்டார். 1912ல் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ், எமட்டின் ஊசி அமீபா சீதபேதியையும் அதனால் வரும் ஈரல் நோயையும் அடக்கும் என்று காட்டினார். அதன்பின் மருந்தே சோதனையாகவும் ஆனது: ஊசிக்குக் காய்ச்சல் இறங்கினால் அமீபா, இறங்காவிட்டால் வேறு ஏதோ. ஸ்கேன் இல்லாத காலத்தில் அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த 'வேறு ஏதோ'வில் புற்றும் அடக்கம், மண்ணிலிருந்து வரும் இன்னொரு நோயும் அடக்கம்.

அந்த நோய் மெலியோய்டோசிஸ். 1911ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனைகளில் இதைக் கண்டறிந்தார்கள். மலாயாவில் 1917ல் இந்நோய் கண்டதாக முதலில் பதிவானவர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி ஒருவர். அவருக்குக் காலரா என்றுதான் முதலில் ஐயப்பட்டார்கள். 1921ல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் நோய்க்குப் பெயர் வைத்தார்கள். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி இது. காலிலுள்ள சிறு கீறலே அதற்கு வாசலாகப் போதும். நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று எங்கும் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். சிலருக்கு மாதக்கணக்கில் காய்ச்சலும் எடைக் குறைவுமாக இழுத்தடிக்கும்போது, பார்ப்பவர்களுக்கு அது புற்றாகவே தோன்றும். கங்காணியையும் கள்ளுக்கடையையும் பற்றி நாம் எழுதிக் குவித்த அளவுக்கு இந்த நோயைப் பற்றி எழுதவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம், ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று, லயம் போய்த் தாமான் வந்தாயிற்று, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் வருகிறது" என்று மறுக்கலாம். அமீபாவைப் பொறுத்தவரை இது பெரிதும் சரி. ஆனால் மண் மாறவில்லை, உடம்புதான் மாறியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மெலியோய்டோசிஸுக்கு நீரிழிவைவிடப் பெரிய துணை இல்லை. குடலில் வாழும் கிளெப்சியெல்லா கிருமியும் இனிப்புநீர்க்காரர்களின் ஈரலில் சீழ் கட்டவைக்கிறது என்பதைத் தைவான் மருத்துவர்கள் 1980களிலிருந்து எழுதி வருகிறார்கள். அதற்காகப் புற்றுநோய்ப் பயம் வீண் என்று சொல்ல வரவில்லை. ஈரல் புற்றுக்கு வழிவகுக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கு எதிராகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாடு முழுவதும் வந்தது 1989ல்தான். அதற்கு முன் பிறந்த தலைமுறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை; குடியும் கொழுப்பு ஈரலும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

எனவே சீழையும் புற்றையும் சமமாக ஐயுற்றுத்தான் பிரிக்க வேண்டும். காய்ச்சலும் வெள்ளணு உயர்வும் சீழைச் சுட்டும் என்றாலும், உள்ளே அழுகிய புற்றும் காய்ச்சல் தரும். ரத்தத்தில் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் மிக உயர்ந்திருந்தால் புற்றின் பக்கம் சாயலாம். இயல்பாக இருப்பதை வைத்துப் புற்று இல்லை என்று சொல்ல முடியாது. சுருங்கி இறுகிய ஈரலில், சி.டி. ஸ்கேனில் கட்டி தமனி ரத்தத்தால் முதலில் பளிச்சிட்டுப் பின்னர் மங்கினால், ஊசி குத்தாமலே புற்று என்று முடிவுசெய்யலாம். அந்தத் தெளிவு இல்லாதபோது ஊசியில் வரும் சீழோ திசுவோதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற அச்சம் பொய்யில்லை. ஆனால் அது அரிது. முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்ப்போம் என்பது பழைய எமட்டின் சோதனையின் வாரிசு, அதிலும் ஆபத்து உண்டு. புற்றுக்குள் கிருமி புகுந்திருந்தால் மருந்துக்குக் காய்ச்சல் இறங்கும், புற்று உள்ளே வளரும்.

செரம்பானிலோ தம்பினிலோ மருத்துவரைப் பார்க்கும்போது தோட்டத்தில் எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள், இப்போதும் வெறுங்காலோடு மண்ணில் இறங்குகிறீர்களா, சர்க்கரை எவ்வளவு என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். மெலியோய்டோசிஸ் என்று உறுதியானால் செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்து வாரக்கணக்கிலும், அதன்பின் மாத்திரை மாதக்கணக்கிலும் தேவைப்படும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரக்கூடும்.