படமும் பெயரும்: தொடக்ககால ஒளிப்படங்களில் பெயர்க்குறிப்பின் மொழி

தொடக்ககால ஒளிப்படங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் படத்தையே கருத்திற் கொள்கின்றன. படத்தின்கீழ் இடம்பெறும் பெயர்க்குறிப்பும் ஆய்வுக்குரியதே. படத்தில் இருப்பது இன்னது என்று வகைப்படுத்துவது பெயர்க்குறிப்பே ஆகும்.

ஒளிப்படம் அறிவியல் நூலுக்குப் பயன்பட்ட முதல் முயற்சிகளுள், பிரித்தானியப் பாசிகள் குறித்து ஆன்னா அட்கின்ஸ் 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூல் தலையாயது. வில்லியம் ஹார்வி 1841இல் வெளியிட்ட பாசியியற் கையேட்டில் படங்கள் இல்லை. அக்குறையை நீக்க, ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த சயனோடைப் முறையை அட்கின்ஸ் கையாண்டார். இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல் பாசியை வைத்து, வெயிலிற் காட்டிப் பின் நீரிற் கழுவினால், நீலப் பின்னணியில் அதன் வடிவம் வெண்மையாகப் பதியும். அட்கின்ஸின் கையெழுத்தில் அமைந்த இலத்தீன் பெயரும் அம்முறையிலேயே பதிந்தது.

இவ்வகைப்பாட்டு நோக்கு மனிதரைப் படமெடுத்தபோதும் தொடர்ந்தது. 1869இல் லாம்ப்ரி என்பார், உடல்களை ஒப்பிட்டு அளப்பதற்காக, இரண்டு அங்குலக் கட்டங்களாக நூல் கட்டிய சட்டத்தின் முன் மனிதரை நிறுத்திப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். இந்தியாவில், 1857 கிளர்ச்சிக்குப்பின் அரசின் ஆதரவுடன் உருவான ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்னும் நூல் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்த அதில் 460க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன.

அந்நூலில் ஒருசிலரே தனிப்பெயரால் சுட்டப்பெறுகின்றனர். ஏனையோர்க்குச் சாதி அல்லது குடியின் பெயர், தொழில் அல்லது சமயம், ஊர் ஆகியவையே குறிப்பாக அமைகின்றன. இக்குறிப்புகள் வினைமுற்று இல்லாத பெயர்த்தொடர்கள். வினை இன்மையால் காலமும் இல்லை. ஒருநாள் ஒருவர் நின்ற தோற்றம், ஒரு குடியின் மாறா இயல்பாகிவிடுகிறது. பாசி தனக்குத் தானே பெயரிட்டுக்கொள்வதில்லை. மக்கள் தமக்கெனப் பெயர் உடையவர்கள். ஆயினும் பிறர் இட்ட பெயரே பல இடங்களில் அச்சேறியது.

இக்குறிப்புகளை இன்று தமிழாக்குவோர்க்கு இரு சிக்கல்கள் எழுகின்றன. ஆங்கிலப் படர்க்கை ஆண்பால் ஒருமையில் மரியாதை வேறுபாடு இல்லை. தமிழிலோ ‘அவன்’, ‘அவர்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘அவன்’ என எழுதினால், மூலத்தின் சொல்லில் இல்லாத இழிவு மொழிபெயர்ப்பில் ஏறக்கூடும். அடுத்து, பழைய இனப்பெயரை நீக்கினால் வகைப்பாட்டின் வரலாறு மறையும். விளக்கமின்றி விட்டால் மொழிபெயர்ப்பும் அவ்வகைப்பாட்டை ஏற்றதாகும். எனவே மூலப்பெயரை மேற்கோட்குறிக்குள் நிறுத்தி, அம்மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரை அடிக்குறிப்பில் தருவதும், விளக்கப்பகுதியில் ‘அவர்’ என வழங்குவதும் பொருந்தும் எனலாம்.