மார்கழியும் பஞ்சாங்கமும்

2024-ல் பொங்கல் ஜனவரி 15. மறு வருஷம் ஜனவரி 14. "இது ஏன் ஒரு நாள் முன்னப் பின்ன போகுது?" என்று கேட்காத வீடு புளியங்குடியில் இராது. சூரியன் மகர ராசியில் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே தை 1. பின் என்றால் மறுநாள். தமிழ்ப் பஞ்சாங்கத்தின் சட்டம் அம்புட்டுதான்.

ஆனால் பெரிய கேள்வி வேறு. தை 1-ஐ உத்தராயணப் பிறப்பு என்கிறது பஞ்சாங்கம். வானத்துச் சூரியனோ டிசம்பர் 22 வாக்கில், அதாவது மார்கழி 6, 7-லேயே வடக்கே திரும்பிவிடுகிறது. நம் பஞ்சாங்க வருஷம் நட்சத்திரங்களை வைத்து அளந்தது. பருவகால வருஷத்தைவிட 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். அந்த நிமிடங்கள் சேர்ந்து அறுபது, எழுபது வருஷத்துக்கு ஒரு நாள் ஆகிவிடும். சோழர் கல்வெட்டுகளில் உத்தராயண சங்கராந்தியன்று கோயிலுக்குத் தானம் கொடுத்த செய்திகள் உண்டு. ராஜராஜன் காலத்தில் அந்த நாள், இன்றைய காலண்டர் கணக்கில், டிசம்பர் கடைசியில் விழுந்திருக்கும்.

இதைச் சொல்லிப் பஞ்சாங்கக்காரரைக் கேலி செய்வது சுலபம். 1825-ல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரி ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். எழுத்து இல்லை, ஏடு இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். பிடித்த நேரத்தில் பிசகு சுமார் 4 நிமிடம். விட்ட நேரத்தில் ஐம்பது நிமிடம். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள்; வரருசி செய்தவை என்பது மரபு. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது.

கண்ணால் பார்ப்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடியவர், சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1880-ல் மறையும் முன் திருக்கணித முறையில் பஞ்சாங்கமே வெளியிட்டார். பிறகு 1952-ல் மேக்நாத் சாகா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டு தேசிய நாள்காட்டி ஆனது. பண்டிகைகள் மேலும் நகராமல் நிறுத்த அக்குழு சொன்ன வழியைப் பஞ்சாங்கக்காரர்கள் ஏற்கவில்லை. நகர்ந்தால் என்ன என்று நம் ஊர் முஸ்லிம் நண்பர்கள் கேட்கலாம். 1998-ல் மார்கழிக் குளிரில் வந்த நோன்பு, எல்லாப் பருவத்தையும் சுற்றிவிட்டு 2031-ல் மீண்டும் மார்கழிக்கு வருகிறதே!

ஜனங்களும் பஞ்சாங்கத்துக்கு முழுக்க அடங்கியவர்கள் அல்ல. தை 1, 2, 3 மூன்றும் அதில் கரிநாள். நல்ல காரியம் ஆகாது. வருஷத்தின் பெரிய பண்டிகையோ அந்த மூன்று நாளில்தான்! கரிநாளைக் கறிநாளாக்கி ஆட்டுக்கறி எடுப்பது நெல்லைச் சீமையின் சாமர்த்தியம்.

இன்னும் அழகானது சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ செருகுவார்கள். சாயங்காலம் அதை எடுத்துத் தட்டிக் காயவைப்பார்கள். முற்றத்தில் களிமண்ணால் குட்டி வீடு. தை பிறந்தபின் ஒருநாள் அதன் முன்னால் சிறுமிகளே பொங்கலிட்டு, சேர்த்து வைத்த எருவை ஆற்றிலோ வாய்க்காலிலோ விடுவார்கள். இது ஆச்சிகள் பேத்திகளுக்குக் கைமாற்றிய கணக்கு. மண் முற்றம் சிமெண்டான பிறகு இதைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. இப்போது படிக்கும் பிள்ளைகள் வீட்டில் ஆச்சி இருந்தால் உடனே கேட்டு எழுதி வைக்கட்டும்.

கர்ப்போட்டத்தையும் கேளுங்கள். மார்கழி 14 வாக்கில் சூரியன் பூராடத்தில் நுழைந்ததிலிருந்து சுமார் 13 நாள் மேக ஓட்டத்தைப் பார்த்து வரும் மழையைச் சொல்வது அது. கருக்கொண்ட மேகம் 195-ஆம் நாள் பொழியும் என்கிறது வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. நாளை எண்ணினால் ஜூலை நடுவில், குற்றாலச் சாரல் நேரத்தில் வந்து நிற்கிறது. பலிக்குமா? கல்லூரி மொட்டைமாடியில் ஒரு மழைமானியும், பத்து வருஷம் விடாமல் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்க நாங்கள் தயார்.