நோய் நீங்கிய பின் நிற்பது எது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது செண்பகத்தோப்பு. பெயரிலேயே மணம் வீசும் இடம். சாம்பல்நிற மலையணில்கள் கிளைக்குக் கிளை தாவும் காடு, பளியர் குடியிருப்பு, காட்டழகர் கோயிலுக்குச் செல்லும் பாதை, மழைக்காலத்தில் பாறைகளின் மீது விழுந்து ஓடிவரும் நீர். 2021ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தபோது இக்காடும் அதனுள் அடங்கிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் நகரத்தாரின் குடங்களை நிரப்பும் நீரில் ஒரு பங்கு இவ்வடிவாரத்திலிருந்தே செல்லுகிறது. இராசபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வாழும் குடும்பங்களுக்கு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் செல்ல உகந்த இடம். ஆயினும், இத்தகைய மலையடிவாரங்களை மக்கள் அஞ்சி ஒதுக்கிய காலமும் உண்டு.

1809, 1810, 1811 ஆகிய மூன்று ஆண்டுகளில் கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவி மக்களைத் திரள் திரளாகக் கொண்டுபோயிற்று. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் திருநெல்வேலியைச் சேர்ந்தே இருந்தது. காரணத்தைக் கண்டறியக் கம்பெனி அரசு ஒரு குழுவை அமைத்தது. பின்னாளில் நம் நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றி ‘மெட்டீரியா இண்டிகா’ என்னும் பெருநூலை எழுதிய வில்லியம் எயின்ஸ்லி அக்குழுவில் ஒருவர். அவர்களுடைய அறிக்கை 1816இல் இலண்டனில் அச்சேறிற்று. சதுப்பிலிருந்தும் அழுகிய தழைகளிலிருந்தும் எழும் நச்சாவியே காய்ச்சலுக்கு மூலம் என்பது அக்கால மருத்துவர்களின் பொதுவான எண்ணம். முறைக்காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதற்கான வழியை ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டது 1897ஆம் ஆண்டில்தான். அதுவரை பழி காட்டின் மீதும் காற்றின் மீதும் கிடந்தது.

காரணம் தெரியாத நோய் வரும்போது மனிதன் யாரையேனும், எதையேனும் சந்தேகிக்கிறான். நோய் போய்விடுகிறது, சந்தேகம் தங்கிவிடுகிறது. சில வேளைகளில் அச்சந்தேகம் ஆராய்ச்சியாக மாறி, நல்ல பழக்கமாகி வீட்டுக்குள் வருகிறது. சில வேளைகளில் பகையாக மாறித் தெருவில் நிற்கிறது. கொள்ளைநோய்க்குப் பின் ஒரு சமுதாயம் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய, அது எதைச் சந்தேகித்தது என்று பார்த்தாலே போதும்.

நமது பகுதியிலிருந்தே தொடங்குவோம். 1340களில் மதுரை சுல்தானகத்திற்கு வந்த பயணி இப்னு பதூதா, அந்நகரில் பரவிய ஒரு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். நோய் கண்டவர் இரண்டு மூன்று நாட்களில் மாண்டனர். அரண்மனைக் குடும்பமும் தப்பவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், 1348இல், அவர் திமிஷ்கு நகரை அடைந்தபோது அங்கே பெருங்கொள்ளை நோய் தலைவிரித்தாடியது. நகர மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, முஸ்லிம்களும் யூதர்களும் கிறித்தவர்களும் தத்தம் வேதங்களை ஏந்தி ஒன்றாக நடந்து சென்று இறைவனிடம் முறையிட்டதை அவர் நேரில் கண்டார். கூட்டம் கூடுவது நோயை வளர்க்கும் என்பதை அவர்கள் அறியார். ஆனால், பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதே நோய் ஐரோப்பாவிற்குச் சென்றபோது நேர்ந்தது வேறு. கிணறுகளில் நஞ்சிட்டவர்கள் யூதர்களே என்ற வதந்தி எழுந்தது. 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கிணற்றைச் சந்தேகித்தவர்கள் கிணற்றைச் சோதிக்கவில்லை, மனிதனைக் கொளுத்தினார்கள்.

கிணற்றை உண்மையாகவே சோதிக்க மனிதகுலத்திற்கு மேலும் ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. 1817இல் வங்காளத்தில் வெடித்த வாந்திபேதி அடுத்த ஆண்டே தமிழகத்தை எட்டியது. அரண்மனை, குடிசை என்று அது பார்க்கவில்லை. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1827இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் மாண்டது இந்நோயினால்தான். 1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், மாண்டவர்களின் வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்து, அவர்களுட் பெரும்பாலோர் ஒரே குழாயின் நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. 1884இல் ராபர்ட் கோஹ் கல்கத்தாவிற்கு வந்து, மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலேயே நோய்க்கிருமியைக் கண்டார்.

இவ்வறிவு நம் வீட்டு அடுக்களையை வந்தடைய இன்னும் நெடுங்காலம் பிடித்தது. 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிற்று. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. தூய குடிநீர் வழங்குவது ஊராட்சி அமைப்புகளின் பொறுப்பாயிற்று. நோய் தோன்றியது 1817. சட்டம் வந்தது 1939. இடையில் 122 ஆண்டுகள்! ஆயினும் இம்மாற்றம் நிலைத்தது. ஏன்? அது அச்சத்தில் தங்கவில்லை. அன்றாட வேலையில் தங்கிற்று. ஊர்க் கிணற்றில் மருந்துத் தூள் போடும் சுகாதாரப் பணியாளர், நீரைக் காய்ச்சி ஆறவைக்கும் தாய், பானையைத் தட்டால் மூடிவைக்கும் பாட்டி ஆகியோரின் கைகளில் அம்மாற்றம் குடிகொண்டது. காலராவின் பெயரறியாத பேரப்பிள்ளையும் மூடிய பானையிலிருந்தே நீர் மொள்ளுகிறான்.

ஹஜ் யாத்திரையின் வரலாறும் இதையே கூறும். 1865இல் மக்காவில் பரவிய காலரா, பல்லாயிரம் ஹாஜிகளின் உயிரைக் குடித்துக் கப்பல் வழியே உலகெங்கும் சென்றது. அடுத்த ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளில் பல நாட்டு அரசுகள் கூடி ஆராய்ந்தன. செங்கடலில் கமரான் தீவில் கப்பல்களை நிறுத்தி யாத்திரிகர்களைச் சோதிக்கும் முறை வந்தது. நம் முன்னோர் அத்தீவில் பட்ட துன்பங்கள் கொஞ்சமல்ல. இன்று கமரான் நிறுத்தம் இல்லை. ஆனால் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் தடுப்பூசி போட்டுக்கொண்டு சான்றிதழோடு செல்வது பயண ஏற்பாடுகளில் ஒன்றாகிவிட்டது. அதை ஒருவரும் சுமையாகக் கருதுவதில்லை.

இதற்கு மாறாக, வந்து போய் மறக்கப்பட்ட நோயும் உண்டு. 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1921 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் தொகை பத்தாண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்து காணப்பட்டது. இருந்தும், தாது வருஷப் பஞ்சத்தைக் கதை கதையாகச் சொன்ன நம் முதியவர்கள் இக்காய்ச்சலை அவ்வாறு சொல்லி நாம் கேட்டதில்லை. அது சில மாதங்களில் வந்து சென்றது. அன்றாட வாழ்வில் புதிதாக ஒரு வேலையையும் விட்டுச் செல்லவில்லை. கைக்கு வேலையாக வராதது நினைவுக்கும் வராமற் போயிற்று.

இனி, நம் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1910–11இல் மஞ்சூரியாவில் சுவாசத்தின் வழியே பரவும் பிளேக் நோய் ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்றது. அதை அடக்கச் சென்ற மருத்துவர் வூ லியென் தே. தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்த அதே பினாங்கில் பிறந்தவர். சல்லடைத் துணியையும் பஞ்சையும் அடுக்கி முகக்கவசம் செய்து, மருத்துவரும் பணியாளரும் அணிய வேண்டும் என்றார். அதை ஏளனம் செய்து அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் அந்நோய்க்கே பலியானார். வூ கையாண்ட துணியும் பஞ்சும் எத்தகையவையோ, அத்தகைய மருத்துவத் துணியையும் பஞ்சையும் உருவாக்குவதே இராசபாளையம் வட்டாரத்தின் தொழில். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் காயங்கட்டும் துணியைத்தான் நெய்கின்றன. உலகம் 2020இல் முகத்தை மூடக் கற்றுக்கொள்வதற்கு முன்பே, உலகின் புண்களை மூடும் துணியை நெய்துவந்த ஊர் அது. முகக்கவசம் நம் முகத்தைவிட்டு இறங்கிவிட்டது, தறி நிற்கவில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முடங்கியதை நாம் எல்லோரும் கண்டோம். பள்ளிவாசல் கதவுகள் மூடின. ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகை வீட்டுக்குள் நடந்தது. நோன்புக் கஞ்சிச் சட்டியைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் கூட்டம் இல்லை. 2019இல் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் கூடிய ஹஜ்ஜில் 2020இல் ஏறத்தாழ ஆயிரம் பேரே கலந்துகொண்டனர். கதவு திறந்தபின், வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு, சொந்த விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தோம். ஒரே சஹனில் கைபோட்டு உண்ணும் நம் விருந்து வழக்கம் நின்றுபோயிற்று. அன்று இது இனித் திரும்பாது என்றவர்கள் பலர். திரும்பிவிட்டது! தோளோடு தோள் சேர்ந்த வரிசை திரும்பிற்று; சஹன் திரும்பிற்று; முஸாஃபஹா திரும்பிற்று. நம்மை நாமாக்கும் பழக்கங்களை நோய் எளிதில் அழித்துவிடுவதில்லை.

ஆனால் ஸ்ட்ராஸ்பர்க்கின் நிழலும் அந்த நாட்களில் நம்மீது விழுந்தது. தில்லியில் நடந்த ஒரு மார்க்கக் கூட்டத்தைக் காட்டி, கிருமிக்கே நம் சமுதாயத்தின் பெயரைச் சூட்டினார்கள். கூட்டத்திற்கு வந்திருந்த வெளிநாட்டவர் சிலர் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளைப் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தோன்றுகிறது என்ற கருத்தையும் வெளியிட்டது. அச்சம் வந்தால் எந்தச் சமுதாயமும் இவ்வாறு தவறக்கூடும். 2020 ஏப்ரலில், நோயால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அதே காலத்தில், உறவினரே தொட அஞ்சிய உடல்களை நம் இளைஞர்கள் சாதி, சமயம் பாராது அவரவர் முறைப்படி அடக்கம் செய்தார்கள், தகனமும் செய்தார்கள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பழிக்கு மறுமொழி சொல்லால் வரவேண்டியதில்லை, தொண்டால் வரலாம் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

இந்நோய்க்குப் பின் தமிழகத்தில் நின்றவை எவை? 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிற்று. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் பெண்கள் ஊரூராகப் புறப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பள்ளி மூடிய காலத்தில் பாடம் இழந்த பிள்ளைகளுக்காக ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது; தெருத் திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். மூடிய பானையைப் போலவே இவையும் வாசற்படி தாண்டி வந்த மாற்றங்கள்; இவற்றையும் சுமந்தவை பெரும்பாலும் பெண்களின் கைகளே. கொள்ளைநோயைப் பற்றிய சரித்திர நூல்களில் அரசர்களின் பெயரும் மருத்துவர்களின் பெயரும் இருக்கின்றன. நீரைக் காய்ச்சியவளின் பெயர் இல்லை. மாற்றத்தை நிலைக்கச் செய்தவளோ அவளே.

எனவே நம் குடும்பங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. நோய் நம்மிடம் விட்டுச்சென்ற மூட்டையில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. கை கழுவுதல், நோயுற்றால் வீட்டில் தங்குதல், முதியவரின் வாசலுக்குச் சென்று நலம் விசாரித்தல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்வோம். அடுத்தவரின் மூச்சையும் பெயரையும் சந்தேகிக்கும் பழக்கத்தைக் கழித்துவிடுவோம். இது பிறருக்கு மட்டும் சொல்லும் அறிவுரையன்று, நமக்கும்தான்.

செண்பகத்தோப்பிலிருந்து இறங்கும் நீர் எல்லாத் தெருக்களுக்கும் போகிறது. அது எந்த வீட்டுக் குடம் என்று கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டியதும் நீர் தூயதா என்பதையே. குடம் யாருடையது என்பதையன்று.