மருந்துச்சீட்டின் சுருக்கக் குறிகளும் எழுதுகோலின் அமானிதமும்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ ஒரு மருத்துவர் எழுதித் தரும் சீட்டு அவருக்கும் நோயாளிக்கும் இடையில் மட்டும் நிற்பதில்லை. மருந்துக்கடைக்காரர் அதைப் படிக்கிறார். கிளினிக்கில் ஒருவர் அதைக் கணினியில் படியெடுக்கிறார். வீட்டில் மகளோ மருமகளோ அதைப் பார்த்து முதியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். மருத்துவக் குறிப்புகளைப் படியெடுக்கும் பணியில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே அச்சீட்டில் உள்ள ஓ.டி., பி.டி., எஸ்.ஓ.எஸ். போன்ற குறிகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிவது வெறும் பொழுதுபோக்கு ஆகாது.

முதலில் சீட்டின் தலைப்பில் நிற்கும் 'ஆர்எக்ஸ்' குறியை எடுத்துக்கொள்வோம். அது ஏதோ பழங்காலத் தெய்வத்தை அழைக்கும் சின்னம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் 'ரெசிபே' என்ற லத்தீன் ஏவற்சொல்லின் முதலெழுத்து அது. இடைக்கால எழுத்தர்கள் ஒரு சொல்லைச் சுருக்கும்போது அவ்வெழுத்தின் காலின் மீது ஒரு கோடு இழுப்பார்கள். அக்கோடே இன்று 'எக்ஸ்' போலத் தோன்றுகிறது. நம் யூனானி ஹக்கீம்கள் தங்கள் நுஸ்காவின் தலைப்பில் 'ஹுவஷ் ஷாஃபீ' என்று எழுதும் மரபை நாம் அறிவோம். குணமளிப்பவன் அவனே என்பது அதன் பொருள். அது நினைவூட்டல், இது மருந்து கூட்டுபவருக்கு இடும் கட்டளை. இரண்டும் வேறு வேறு.

மற்றக் குறிகளும் இவ்வாறே. ஓ.டி. என்பது 'ஓம்னி தியே', அதாவது நாள்தோறும் ஒருமுறை. பி.டி. என்பது 'பிஸ் இன் தியே', நாளுக்கு இருமுறை. டி.டி.எஸ். என்பது 'தெர் தியே சூமெந்தும்', நாளுக்கு மும்முறை உட்கொள்ள வேண்டியது. எச்.எஸ். என்பது 'ஹோரா சோம்னி', உறங்கும் வேளை. ஏ.சி. உணவுக்கு முன், பி.சி. உணவுக்குப் பின். எஸ்.ஓ.எஸ். என்றதும் ஆபத்தில் எழுப்பும் அபயக் குரலே பலருக்கு நினைவு வரும். சீட்டிலோ அது 'சி ஓபுஸ் சித்', அதாவது தேவைப்பட்டால் மட்டும் என்பதாகும்.

லத்தீன் மொழி ஏன் இந்த இடத்தைப் பெற்றது? ஐரோப்பாவில் கல்வியின் பொதுமொழியாக அது பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. ஆனால் அந்த லத்தீன் மருத்துவ நூலகத்தின் பெரும்பகுதி அரபியிலிருந்து சென்றது. பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) கிரேக்க மருத்துவ நூல்களை அரபியில் பெயர்த்தார். பின்னர் டொலேடோ நகரில் கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெரார்டு (மறைவு 1187) இப்னு சீனாவின் 'அல்கானூன்' நூலை லத்தீனாக்கினார். நாம் இன்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'சிரப்', 'ஷராப்' என்ற அரபுச் சொல்லின் பேரப்பிள்ளையே!

சென்னையில் இந்த வரலாற்றுக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1835இல் இங்கு மேலைமருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுவே பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியாயிற்று. 1868இல் வேரிங் என்பார் தொகுத்த இந்திய மருந்து நூல் வெளிவந்தது. நாட்டு மருந்துகளும் அதில் இடம்பெற்றன. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. நூலில் இருப்பதோ லத்தீன் பெயர். கடைத்தெருவில் வழங்குவதோ மொழிக்கொரு பெயர். ஒரே பெயரில் இரு வேறு சரக்குகள் விற்கப்படுவதும் உண்டு. இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர் திருவல்லிக்கேணி மருந்தகத்தின் மருத்துவர், கான் பகதூர் மூதீன் ஷெரீஃப். 1869இல் சென்னையில் வெளியான அவருடைய துணைநூல், ஒவ்வொரு மருந்துக்கும் அரபு, பாரசீகம், தக்கனி, தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய பல மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திரட்டித் தந்தது. அவர் மறைந்த பின் 1891இல் அவருடைய 'மெட்டீரியா மெடிக்கா ஆஃப் மெட்ராஸ்' டேவிட் ஹூப்பரின் பதிப்பில் வெளிவந்தது. எழுதியவர் கருதிய மருந்தும் நோயாளி வாங்கும் மருந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவ்வுழைப்பின் சாரம்.

பாமர நோயாளிக்கோ லத்தீனும் தெரியாது, நூலும் தெரியாது. அவருக்காகக் கம்பவுண்டர்கள் மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில், வேளைக்கு வேளை எவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தந்தார்கள். இன்றைய 1-0-1 என்ற குறி அதன் வாரிசு. காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று.

சுருக்கக் குறி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் படிப்பவர் வேறொன்றாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஊறு நேரலாம். நம் நாட்டில் நாளுக்கு ஒருமுறையைக் குறிக்கும் ஓ.டி., கண் மருத்துவத்தில் வலது கண்ணைக் குறிக்கும். எச்.எஸ். என்பதைப் 'பாதி வலிமை' என்று படித்தவர்களும் உண்டு. இன்சுலின் அளவின் பின்னால் யூனிட்டுக்காக எழுதும் ஆங்கில 'யூ' எழுத்து சுழியம் போலத் தெரிந்தால், 4 என்பது 40 ஆகிவிடும். இதனால் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 2004இல் பயன்படுத்தக் கூடாத குறிகளின் பட்டியலை வெளியிட்டது. இந்திய மருத்துவக் கவுன்சிலும் 2016இல், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுதுமாறு விதித்தது.

இந்த எச்சரிக்கை நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. ஹதீஸ் ஏடுகளில் 'ஹத்தஸனா' என்பதை 'ஸனா' என்று சுருக்குவார்கள். ஓர் அறிவிப்பாளர் தொடரிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் 'ஹா' என்ற ஒற்றை எழுத்தை இடுவார்கள். மாணவர்கள் இவற்றைப் பொருளறிந்தே படிக்கிறார்கள். திமிஷ்கில் வாழ்ந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு 1245), பிறர் அறியாத தனிக் குறிகளை ஒருவர் பயன்படுத்தலாகாது என்றும், பயன்படுத்தினால் நூலின் தொடக்கத்திலோ முடிவிலோ அதை விளக்கிவிட வேண்டும் என்றும் நெறி வகுத்தார். படியெடுத்ததை மூலத்துடன் ஒப்பிடும் 'முகாபலா'வையும் அவர் வலியுறுத்தினார். அதற்கு முந்தைய நூற்றாண்டில் ஷாம் நாட்டின் ஷைஸரீ, மருத்துவர் தம் குறிப்பின் படியொன்றை நோயாளியின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்று சந்தை ஒழுங்கு பற்றிய தம் நூலில் எழுதினார். நோயாளி இறந்துவிட்டால் தலைமை மருத்துவர் அந்தச் சீட்டுகளைப் பார்த்தே, மருத்துவர் கடமை தவறினாரா என்று தீர்மானிப்பார். சீட்டு அன்றே ஒரு சாட்சியாக இருந்தது.

எனவே படியெடுப்போர் மூன்றைக் கைக்கொள்வது நன்று. பொருள் ஐயமற்றதாயின் குறியை முழுச்சொல்லாக விரித்து எழுதுக. ஐயமாயின் ஊகிக்காமல் எழுதியவரையே கேட்க. எழுதி முடித்ததும் மூலத்துடன் ஒருமுறை ஒப்பிடுக. வீட்டில் இருப்போரும், மருந்துக்கடையை விட்டு நகருமுன் ஒவ்வொரு மருந்தும் எப்போது, எத்தனை முறை, எத்தனை நாள் என்று கேட்டுத் தமிழிலேயே உறையின் மீது எழுதிக்கொள்ளலாம். ரமளானில் இது இன்னும் முக்கியம். டி.டி.எஸ். என்று எழுதிய மருந்தை நாமாகவே இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் நெருக்கி உட்கொள்ளலாகாது. நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வேளைகளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு நாணுவதால் நோயாளிக்கு நேரும் தீங்கு, கேட்பதால் நமக்கு நேரும் கூச்சத்தைவிடப் பெரிது. பிறர் உடல்நலம் நம் எழுதுகோலில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை உரியவரிடம் குறையின்றிச் சேர்ப்பிக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.