தொங்கிய காதும் தைத்த காதும்

முகத்தை இளமையாக்கும் சிகிச்சைகளை ஒப்பிடச் சொன்னால் இன்று யாரும் பொட்டாக்ஸ், ஃபில்லர், நூல் வைத்துத் தூக்குவது, லேசர் என்று ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். எல்லாமே வெளியூர்ச் சரக்கு. ஆனால் தாமிரபரணிக் கரையில் இவற்றுக்கெல்லாம் முன்பே முகத்தைக் கத்தி வைத்து மாற்றிக்கொண்ட பெண்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். ஒரே ஆயுளில் இரண்டு முறை, ஒன்றுக்கொன்று எதிரான திசையில். குழந்தையில் காதைத் துளைத்து தோள் வரை வளர்த்தார்கள். நடுவயதில் அதே காதை அறுத்துத் தைத்துச் சின்னதாக்கிக்கொண்டார்கள். என் ஆச்சி தலைமுறையில் இரண்டையும் பார்த்த காதுகள் நிறைய.

காது வளர்ப்பது சாதாரண வேலை இல்லை. துளையில் முதலில் பஞ்சுத் திரி வைப்பார்கள். பிறகு அதைவிடத் தடித்த திரி. பிறகு பனை ஓலைச் சுருள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும் இல்லையா, அந்த விசையிலேயே துளை பெருக்கும். கடைசியில் குணுக்கு, அதாவது ஈய வளையம். அதன் கனத்தில் மடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். காதின் மற்ற பகுதிக்குள் குருத்தெலும்பு உண்டு, மடலில் கிடையாது. வெறும் தோலும் கொழுப்பும்தான். அதனால்தான் அது இந்த அளவுக்கு வளைந்துகொடுத்தது.

தோலை மெதுவாக, விடாமல் இழுத்தால் அது ரப்பர் மாதிரி நீள்வதோடு நிற்காது, புதிதாக வளரவும் செய்யும். 1957இல் சார்லஸ் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர், இழந்த காது ஒன்றைத் திரும்பக் கட்டுவதற்காகத் தோலுக்கடியில் ஒரு பலூனை வைத்து, நாள்பட ஊதிப் பெரிதாக்கி, வேண்டிய தோலை வளர்த்தெடுத்தார். இன்று தீக்காயத் தழும்பை மாற்றவும் மார்பகத்தை மீட்டமைக்கவும் பயன்படுகிற முறை அதன் வழி வந்ததுதான். நம்ம ஊர் குணுக்கு செய்ததும் அதே வேலை. பலூனுக்குப் பதில் ஈயம், அவ்வளவுதான்.

வளர்ந்த காதில் பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகவடம், பூடி. பாம்படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பூவோ இலையோ இல்லாமல் உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக, நவீன ஓவியர் ஒருவர் வரைந்த மாதிரி இருக்கும். மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பார்க்கிற அளவுக்குக் கனம் இருக்காது.

நீண்ட காது அழகு என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கோயிலே சாட்சி. நவதிருப்பதிகளில் ஒன்றான தென்திருப்பேரையில் பெருமாளின் பெயர் மகர நெடுங்குழைக்காதர். மீன் வடிவக் குழையை ஆற்றில் கண்டெடுத்துத் தாயார் அணிவித்ததாகத் தலபுராணம். தாயாருக்கும் குழைக்காதுவல்லி என்ற பெயர் உண்டு. சாமியையே காதைச் சொல்லி அழைத்த ஊரில், வளராத காதோடு ஒரு பெண் நின்றால் அது குறையாகத்தான் தெரிந்திருக்கும்.

*

இனி கொஞ்சம் பின்னால் போகலாம். பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை சுசுருதர் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கு நான்கு முறையாவது நமக்குச் செய்தி வரும். மூக்கறுபட்டவர்களுக்குக் கன்னத்துச் சதையிலிருந்து மூக்கு செய்ததைச் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பகுதி எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், 16ஆம் அத்தியாயம். அதன் தலைப்பு காது குத்துவதும் காதை இணைப்பதும். மூக்கு அதன் கடைசியில் வருகிற ஒரு சேர்க்கைதான். அத்தியாயம் முழுக்கக் காது.

ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் குழந்தையை மடியில் உட்காரவைத்து, வெயில் ஊடுருவித் தெரிகிற இடமாகப் பார்த்துக் குத்தச் சொல்கிறது நூல். ஆண் குழந்தைக்கு முதலில் வலது காது, பெண்ணுக்கு இடது. மூன்று நாளைக்கு ஒரு முறை முன்பைவிடத் தடித்த திரி. அப்படி வளர்த்த காது சில சமயம் இரண்டாகக் கிழிந்துபோகும் என்கிறது. அதன் பிறகுதான் கிழிந்த காதை இணைக்கும் பதினைந்து முறைகளை வரிசையாகச் சொல்கிறது. மடலே இல்லாதவர்களுக்குக் கன்னத்திலிருந்து சதையை, ஒரு பக்க இணைப்பை விடாமல் திருப்பி வைத்து ஒட்டுவதும் இதில் உண்டு.

இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. போரில் அறுபட்ட மூக்கிலிருந்து இந்தக் கலை கிளம்பியிருக்கலாம் என்றுதான் நாம் நினைப்போம். அத்தியாயத்தின் போக்கு வேறு. அழகுக்காகக் காதை வளர்த்தார்கள், வளர்த்தது கிழிந்தது, கிழிந்ததைத் தைக்கக் கற்றார்கள். அழகு சிகிச்சையும் அதன் பழுதைச் சரிசெய்யும் சிகிச்சையும் ஒரே வீட்டில் பிறந்தவை.

மூக்கு வெளியே போன கதை தனி. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். அவருக்கு நெற்றித் தோலில் மூக்கு செய்த செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகஸினில் வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்பு 1814இல் லண்டனில் செய்துபார்த்தார். மூக்குக்குக் கிடைத்த புகழ் காதுக்குக் கிடைக்கவில்லை.

*

இருபதாம் நூற்றாண்டில் திசை திரும்பியது. காரணம் ஒன்று இல்லை. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிகள் வந்துவிட்டிருந்தன. 1890களின் கடைசியில் ஏமி கார்மைக்கேலோடு ஊர் ஊராகப் போன பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிவைத்தார்கள். நகையைக் கழற்றிவிடலாம், தோளில் ஆடும் காதை என்ன செய்வது? படித்த பெண்கள் கம்மல் போட்டார்கள். கம்மலுக்குச் சின்னக் காது வேண்டும். சில வீடுகளில் கஷ்டம் வந்து பாம்படம் அடகுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நகை இல்லாத நீண்ட காதுக்கு ஊர் வைத்திருந்த பெயர் மூளி. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு தெருவில் நடப்பதைவிட ஆஸ்பத்திரி வலி சின்னது.

“ஏளா, இந்தக் காதோட மெட்ராஸுல மவன் வீட்டுக்குப் போனா பேரப்பிள்ளைய சிரிக்கும்லா” என்று சொல்லிக்கொண்டே டாக்டரிடம் போனவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மரத்துப்போக ஊசி போட்டு, தொங்குகிற வளையத்தை அறுத்தெடுத்து, மிச்ச நுனிகளைச் சேர்த்து மடல் மாதிரி தைத்துவிடுவார்கள். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். காயம் நன்றாக ஆறியபின் புதுத் துளை, அதில் கம்மல். பாம்படம் உருகி மகளுக்குச் சங்கிலியாகும். “பத்து வயசு கொறஞ்சாப்புல இருக்கு” என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இளமை என்று அவர்கள் சொன்னது தோலின் வயதை இல்லை, காலத்தின் வயதை. பதினெட்டு வயதில் அந்தப் பெண்ணுக்குச் செல்வத்தையும் அழகையும் காட்டிய காது, அறுபதில் கிழவி என்று காட்டிக்கொடுத்தது. காது அப்படியேதான் இருந்தது. பார்க்கிற கண் மாறிவிட்டது.

*

இப்போது ஒப்பிடலாம். மேற்கில் முகத்தைத் தைத்து இறுக்கும் அறுவை 1901இல் பெர்லினில் ஓய்கன் ஹொலெண்டர் செய்ததாகச் சொல்வார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் வியன்னாவில் தொடங்கிய பாரஃபின் ஊசி, சுருக்கத்தை நிரப்பப் பரவி, கட்டி கட்டியாகித் திரண்டு, பலரின் முகத்தைக் கெடுத்த பிறகே ஒழிந்தது. கெட்டுப்போன தொத்திறைச்சியின் நஞ்சாக அறியப்பட்ட பொருளைப் புருவ நடுச் சுருக்கத்துக்குப் போட அமெரிக்கா 2002இல் அனுமதித்தது. அதுதான் பொட்டாக்ஸ். அது தசையைத் தளர்த்தும், பலன் மூன்று நான்கு மாதம். ஹயலுரானிக் அமில ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும், பல மாதம் நிற்கும். வாடிய காது மடலிலும் இன்று அதைப் போடுகிறார்கள். முகத்தை அறுத்துத் தைப்பது ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் அறுவையின் ஆபத்தும் சேர்ந்து வரும். காதில் கத்தி வைத்தால் நம் தோலுக்குத் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எவ்வளவு நாள் நிற்கும், எவ்வளவு செலவு என்பதைத் தாண்டி ஆச்சிகளின் காது எனக்கு வேறு இரண்டு கேள்விகளைத் தருகிறது. முதலாவது, பணம் எங்கே போகிறது? காது வளர்த்ததன் முடிவில் ஒரு பெண்ணிடம் தங்கம் இருந்தது. பஞ்சம் வந்தால் அடகு வைக்க அவளுக்கென்று ஒரு சொத்து. பொட்டாக்ஸை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள். இந்தக் கணக்கில் பழைய முறை ஜெயிக்கிறது.

இரண்டாவது, யார் முடிவெடுத்தது? இந்தக் கணக்கில் பழைய முறை தோற்கிறது. பஞ்சுத் திரி வைத்தபோது குழந்தையை யாரும் கேட்கவில்லை. அறுத்துத் தைக்கப் போனவள் வளர்ந்த பெண், தானே நடந்து போனாள். கூடவே மூளி என்ற சொல்லும் பேரப்பிள்ளையின் சிரிப்பும் அவளைத் தள்ளிக்கொண்டு போனதையும் மறைக்க முடியாது. முழுச் சுதந்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தன் முகத்தைப் பற்றி அவள் வாழ்க்கையில் எடுத்த முதல் முடிவு அதுவாக இருந்திருக்கலாம்.

பாம்படம் போட்ட கடைசிப் பாட்டிகளைப் புகைப்படம் எடுக்கிறவர்கள் நிறைய. அந்தப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் தைத்த காதுக்காரிகளை யாரும் படம் எடுப்பதில்லை, மரபைத் தொலைத்தவர்கள் மாதிரி ஒதுக்கிவிடுகிறோம். மடலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு, கம்மலுக்குப் பக்கத்தில், உற்றுப் பார்த்தால் தெரியும். சுசுருதர் காலத்திலிருந்து வருகிற ஒரு கைவேலையின் கடைசித் தையல் அது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருத்தர் இன்னும் இருந்தால், யார் சொல்லித் தைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.