ஒரு பானையும் மூன்று குற்றங்களும்

கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்தி முடித்த ஒரு பிற்பகலில், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, கடையில வாங்கிக் குடிச்சாக் குத்தமில்லீங்க. அதையே ஊட்டுல காய்ச்சுனா மட்டும் எப்படிங்க குத்தமாகுது?" வகுப்பு சிரித்தது. "சட்டம் அப்படி" என்று சொல்லி மணியடிக்கக் காத்திருந்தேன். சிங்காநல்லூருக்குத் திரும்பும் பேருந்தில் அந்த விடை எனக்கே கூச்சமாக இருந்தது. இக்கட்டுரை அன்று சொல்லத் தவறிய விடை.

வீட்டில் மது ஆக்குவது தமிழருக்குப் புதிதன்று. நெல்லிலிருந்து வீட்டிலேயே சமைத்த தோப்பி என்னும் கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. நறவும் தேறலும் சங்கப் பாடல்களில் விருந்தோம்பலின் பகுதியாகவே வருகின்றன. வள்ளுவர் அதை அறத்தின் பெயரால் கடிந்தார். அரசன் தண்டிக்க வேண்டிய குற்றமாக அங்கே வைக்கவில்லை. ஒன்றை மறந்துவிடலாகாது. அவை புளிக்கவைத்த மதுக்கள். ஊறலை அடுப்பேற்றி ஆவியைக் குளிரவைத்து வடித்தெடுக்கும் சாராயம் வேறு பொருள். அதன் வீரியம் வேறு.

வடிக்கும் பானையின் மீது விழுந்த முதல் குற்றம் வருவாய்க் குற்றம். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், காய்ச்சுவதையும் விற்பதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. வெல்லமும் வெள்வேலம் பட்டையும் ஊறிய பானை கண்டுபிடிக்கப்பட்டால், அது அரசுக்குச் சேரவேண்டிய தீர்வையைத் திருடிய பானை. குடிப்பவனின் உடல்நலம் அங்கே முதன்மையான கவலை அன்று.

இரண்டாவது அறக்குற்றம். இதன் வரலாற்றில் கொங்கு நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரோடு நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றனர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய ராஜாஜி, 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' இதழை நடத்தினார். அதில் துணையாசிரியராக உழைத்தவர் கல்கி. ராஜாஜி முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாய்க்கு மாற்றாக 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.

1971இல் அது தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் விலகியது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்குப் பிறகும் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே நடப்பில் உள்ளது. அரசு மது விற்பதும் அச்சட்டத்தின்கீழ் இயற்றிய விதிகளின்படிதான். வீட்டில் காய்ச்சுபவர் சிறை செல்வதும் அதன்படிதான். சொந்தக் குடிப்புக்கென்று சொன்னாலும் விலக்கில்லை. நியூசிலாந்து 1996இல் சொந்தப் பயன்பாட்டுக்கு வடிப்பதை அனுமதித்தது. ஆகவே இக்குற்றம் எங்கும் ஒன்றுபோல் இருப்பதன்று.

மூன்றாவது குற்றம் நஞ்சு. 2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மக்கள் மடிந்தனர். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் இத்திரவம் மணத்தாலோ சுவையாலோ காட்டிக்கொடுப்பதில்லை. உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பைத் தாக்குகிறது. அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் போதை என்று எண்ணி உறங்கப் போய்விடுகிறார்கள். வெல்ல ஊறலில் இயல்பாக உண்டாகும் மெத்தனால் மிகக் குறைவு. சாவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் மலிவுக்கும் வீரியத்துக்குமாகக் கலக்கும் ஆலைச் சரக்கு. அதனால் வீட்டுப் பானை தீங்கற்றது என்று ஆகிவிடாது. அடுப்பருகே கசியும் ஆவி தீப்பற்றும். ஈயப் பற்றுவைத்த பாத்திரம் ஈயத்தைச் சாராயத்தில் இறக்கும்.

அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் (1920–33), குடிக்க இயலாதபடி ஆலைச் சாராயத்தில் மெத்தனாலைக் கலக்கச் செய்தது அந்நாட்டு அரசே. அதையும் திருடிக் குடித்து மாண்டவர்கள் ஏராளம். தடை, விலை, வறுமை மூன்றும் கூடுமிடத்தில் இச்சாவு எங்கும் நேர்கிறது.

கள்ளக்குறிச்சிக்குப் பின் சில நாள்களிலேயே சட்டம் திருத்தப்பட்டது. உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் சிறையும் பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்றாயிற்று. இதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பானையை உடைக்கும் கை, ஆலையிலிருந்து கிளம்பும் மெத்தனால் பீப்பாயையும் அதே விழிப்போடு தொடர வேண்டும். தீர்வையைக் காக்கப் பிறந்த சட்டம் உயிரைக் காக்கும் சட்டமாக முதிர்வது அப்போதுதான்.

மறுவாரம் அந்த மாணவரிடம் இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "எங்க அப்பாரு மில்லுல வேலை செஞ்சவருங்க. ஒரு ராத்திரி எதையோ குடிச்சுட்டு வந்து படுத்தாரு. காத்தால எந்திரிச்சு, ஏன் இன்னும் விளக்கு வெக்கலைன்னு கேட்டாராமுங்க" என்றார். அவர் முதல் நாளே கேட்க வந்த கேள்வி அதுதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.